நெரிசலில் இளைத்தது எது

ஜனவரி 6

வாண்டுக் கண்ணுக்கு,

பாட்டி எழுதுகிறேன். நல்ல சேதிகளை முதலில் எழுதிவிடுகிறேன், முட்டிவலிச் சேதி அப்புறம். உன் பெரியப்பா மகள் பல் டாக்டர் படிப்பை முடித்துச் சொந்தமாகப் பலகை மாட்டிவிட்டாள். முதல் நாளே மூன்று பேர் வாயைத் திறந்துகொண்டு வந்தார்களாம். அவள் தம்பி கப்பலில் மூன்றாவது இன்ஜினியர், வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை. உன் அத்தை மகன் நீச்சலில் வெள்ளி. அவன் தங்கச்சி ஆறாம் வகுப்புதான், மனக்கணக்கில் டீச்சரையே மடக்குகிறாளாம். உன் தம்பி எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டான், அவனுக்கு அதுவே பெரிய சாதனை. எல்லாருக்கும் மேலே நீ.

வெளிநாட்டுப் பத்திரிகையில் உன் பேர் வந்த கட்டுரையை உன் அப்பா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். பதினாலு பக்கத்தில் எனக்குப் புரிந்தது உன் பேர் ஒன்றுதான். நடுவில் ஒரு படம், ஒரே இடத்தில் கிளம்பி இரண்டாகப் பிரிகிற கோடுகள். அந்தப் பக்கத்தை லேமினேஷன் செய்து ஹாலில் மாட்டிவிட்டேன். "சாமி படம் மாட்டற இடத்துல கணக்கை மாட்டறீங்களே அத்தை" என்றாள் உன் அம்மா. மாட்டினால் மாட்டினதுதான்.

நேற்று மாடிவீட்டு வக்கீலம்மா வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, ஷேர் மார்க்கெட்டா?" என்றாள். சட்டைக் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் செக்கிங் பார்த்தவள், யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிப் பழகியவள், பேத்தி போட்ட படத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் தெரியாமல் நின்றேன். அந்த இரண்டு கோடும் என்ன செய்கின்றன என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. போனில் சொல்லாதே, போனைக் காதில் வைத்தால் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது.

முட்டி வலிக்கிறது. அவ்வளவுதான்.

ஆசையுடன்,
பாட்டி


ஜனவரி 21

பாட்டி,

நான் நல்லா இருக்கேன், தூக்கம்தான் கம்மி. முட்டிக்கு டாக்டர் குடுத்த தைலத்தைத் தடவறியா, இல்ல அலமாரியில வச்சு அழகு பாக்கறியா?

வக்கீலம்மாவுக்கு இப்படிச் சொல்லு. அணுவோட நடுவுல கருன்னு ஒன்னு இருக்கு. அதுக்குள்ள புரோட்டான், நியூட்ரான்னு பொடிசுங்க. கனமான ரெண்டு கருவை பயங்கர வேகத்துல மோதவிட்டா, கண்ணிமைக்கறதுல கோடியில ஒரு பங்குகூட இல்லாத நேரத்துக்கு, அதெல்லாம் நெருக்கியடிச்சுக் கொதிக்கும். ஆபீஸ் விடற நேரத்து பஸ்ஸுக்குள்ள அடுப்பையும் மூட்டின மாதிரி. அந்த நெரிசல்ல டி மேசான்னு ஒன்னு பிறக்கும். சார்ம்னு பேர் வச்ச கனமான குவார்க் துகள் ஒன்னும், லேசான துணை ஒன்னும் சேர்ந்தது அது. அதுக்கு நேர் எதிர் ஒன்னு உண்டு, எதிர் டி. படத்துல எழுத்தோட தலைமேல சின்னக் கோடு போட்டிருக்கும் பாரு, அது.

வெட்டவெளியில ரெண்டுக்கும் ஒரே எடை. மயிரிழை வித்தியாசம் கிடையாது. நெரிசலுக்குள்ள போனாத்தான் குணம் தெரியும். சுத்தி இருக்கறதெல்லாம் சேர்ந்து டி-யை இழுக்கும், அது எளைச்சுப்போகும். எதிர் டி-யைத் தள்ளும், அது அவ்வளவா எளைக்காது. சூடு ஏற ஏற இந்த எளைப்பு கொஞ்சம் குறையும். எவ்வளவு நெரிசல்ல, எவ்வளவு சூட்டுல எது எவ்வளவு எளைக்கும்? நாலு வருஷமா இதே கணக்குதான் பாட்டி. ஜன்னல் இல்லாத ரூம், உறுமற கம்ப்யூட்டர், ஆறிப்போன காபி.

ஜூன்ல ஆராய்ச்சிப் புத்தகத்தை ஒப்படைக்கணும். அந்தக் கட்டுரையைப் பார்த்து இன்னொரு ஊர்ல வேலை குடுத்திருக்காங்க, ஆகஸ்டுல சேரணும். அதுவரைக்கும் தள்ளிட்டா போதும்.

வாண்டு


பிப்ரவரி 4

என் கண்ணுக்கு,

தைலம் தடவுகிறேன், நீ நம்பாவிட்டாலும். இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் டி மேசான் எப்படி இருக்கிறது? இன்னும் இளைத்துக்கொண்டுதான் இருக்கிறதா? இழுக்கிற பேர் ஜாஸ்தியானால் யார்தான் இளைக்கமாட்டார்கள். எனக்கு இது சுலபமாகப் புரிந்துவிட்டது.

வக்கீலம்மாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "சரிம்மா, அது எளைச்சா நமக்கென்ன, நாம எளைக்க வழி சொன்னாளா உங்க பேத்தி?" என்றாள். பொறாமை, வேறென்ன.

ஒரு சின்னச் சந்தேகம், தப்பாக நினைக்காதே. சொல்லி முடித்துவிட்டுப் படத்தைக் காட்டினேன். "இளைக்கறது டி, இதோ கீழே இறங்குது பாருங்க" என்று விரலை வைத்தால், கீழே இறங்குகிற கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துக்குத் தலைமேல் கோடு இருக்கிறது. தலைமேல் கோடு இல்லாதது மேலேயே நிற்கிறது. நீ எழுதினதற்குத் தலைகீழாக. எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் சட்டை லேபிளில் எழுத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருக்கிறது. கண்ணாடியை மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டேன். வக்கீலம்மா கவனிக்கவில்லை, கையை மேலே நகர்த்திச் சமாளித்துவிட்டேன்.

நான்தான் தப்பாகப் பார்த்திருப்பேன். எதற்கும் ஒரு வரி எழுது.

வேளைக்குச் சாப்பிடு.
பாட்டி


பிப்ரவரி 15

பாட்டி,

பேரை மாத்தி ஒட்டியிருப்பேன். படம் போடறப்ப நடக்கறதுதான். பாத்துச் சொல்றேன். இங்கே வேலை தலைக்கு மேல. உடம்பைப் பாத்துக்க.

வாண்டு


மார்ச் 20

வாண்டுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

போனில் நல்லா இருக்கேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டாயாம். நல்லா இருக்கிறவள் அத்தனை சீக்கிரம் வைக்கமாட்டாள்.

லிப்ட் ரிப்பேர். நாலு மாடியும் ஏறித்தான் ஆகவேண்டும். இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிடுகிறேன், போகிறவர் வருகிறவர் எல்லாம் நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். எல்லாரிடமும் உன்னைப் பற்றித்தான் சொல்கிறேன். சொல்லும்போது மூச்சு வாங்குவது குறைகிறது.

அந்தக் கோட்டைப் பற்றி நான் கேட்டது உனக்குப் பிடிக்கவில்லையா? கேட்டதை விட்டுவிடு.

பாட்டி


ஏப்ரல் 9

பாட்டி,

கோபமெல்லாம் இல்ல. எழுத உட்காரறப்பல்லாம் எப்படி எழுதறதுன்னு தெரியல. அம்மாகிட்ட சொல்லிடாதே, அப்பாகிட்டயும். உனக்கு மட்டும் எழுதறேன்.

நீ பார்த்தது சரி. பேரை மாத்தி ஒட்டினதாத்தான் நானும் நினைச்சேன். ஒரு நிமிஷ வேலைன்னு புரோகிராமைத் திறந்தேன். சூட்டுக்காக நான் புதுசா எழுதின பகுதியில ஒரு வரி. கழித்தல் குறி போட வேண்டிய இடத்துல கூட்டல். இழுக்கறதைத் தள்ளறதாவும், தள்ளறதை இழுக்கறதாவும் போட்டிருக்கேன். அதுவும் எல்லா இடத்துலயும் இல்ல, ஒரு பகுதிக்கு மட்டும். அதனால பேரை மாத்தி ஒட்டினாலும் சரியாகாது. சூட்டுல நான் குடுத்த அட்டவணை முழுக்கத் தப்பு.

எப்படித் தப்பிச்சதுன்னு கேளு. வெட்டவெளியில வச்சு சோதிச்சேன், அங்கே ரெண்டும் ஒரே எடை, சரியா வந்தது. ரெண்டோட எடையையும் கூட்டிச் சோதிச்சேன். ஒன்னுல குறைஞ்சது இன்னொன்னுல ஏறிடுது, கூட்டினா அதுவும் சரியா வந்தது. பத்திரிகையில படிச்சுப் பாத்தவங்க கோடு ஒழுங்கா வளையுதான்னு பாத்தாங்க, பேரைப் பாக்கல. நானும்தான். நாலு வருஷம் பாத்த படம் பாட்டி, கண்ணு அதைப் பாக்கறதையே விட்டுடுச்சு.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டற சார்கிட்ட காட்டினேன். வரி வரியா அவரே போட்டுப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "ஜூன்ல ஒப்படைச்சுடு. பட்டம் வரட்டும், வேலையில சேரு. ஒரு வருஷம் கழிச்சு சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். யாரும் செத்துடப்போறதில்ல." கெட்டவர் இல்ல அவர். களைச்சுப்போயிருக்காரு. நானும்தான்.

யாரும் செத்துடப்போறதில்ல, வாஸ்தவம். ஆனா வேற ஒரு நாட்டுல ஒரு தமிழ் மாணவன் இருக்கான், என் அட்டவணையை வச்சுத்தான் அவனோட ஆராய்ச்சி. அவன் தனியா போட்ட கணக்கும் என்னோடதும் ஒத்துவரல. அஞ்சு மாசமா தன் தப்பைத் தேடறானாம். "நான் எங்கே கோட்டை விட்டேன்னு கொஞ்சம் சொல்லுங்க அக்கா"ன்னு மெயில் அனுப்பியிருக்கான். அதைத் தெனமும் திறக்கறேன், மூடறேன்.

திருத்தத்தை இப்பவே அனுப்பினா புத்தகத்தைத் திரும்ப எழுதணும், இன்னும் ஒரு வருஷம். அந்த வேலை அதுவரைக்கும் காத்திருக்காது.

ஒன்னு கேக்கறேன். செக்கிங்ல இருந்தப்ப, நீ பாஸ் பண்ணி அனுப்பின சரக்குல உன் தப்பு இருக்குன்னு பின்னால தெரிஞ்சா என்ன பண்ணுவே?

வாண்டு


ஏப்ரல் 18

கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அம்மா கேட்டாள், "என்ன எழுதியிருக்கா?" "மேசானுக்கு உடம்பு சரியில்லையாம்" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் சார் படித்தவர், உலகம் தெரிந்தவர். அவர் சொல்கிறபடி செய். பட்டம் கைக்கு வரட்டும். நாலு வருஷம் ஜன்னல் இல்லாத அறையில் கிடந்திருக்கிறாய், ஒரு குறிக்காக எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்க வேண்டுமா? இங்கே எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் தெரியுமா? அந்தப் பையனும் படித்த பையன்தானே, அவனே கண்டுபிடித்துக்கொள்வான்.

வெயில் அதிகம். ஹாலில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது, எலக்ட்ரீஷியன் நாளைக்கு நாளைக்கு என்கிறான். பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், முன்பு வெள்ளை, இப்போது மஞ்சள். உன் தம்பி தலைமுடியை ஒரு தினுசாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை.

தூங்கு.
பாட்டி


மே 2

பாட்டி,

மஞ்சள் மாத்திரை ஒத்துக்குதா? மின்விசிறி சரியாச்சா?

தம்பி முடி வரைக்கும் எழுதியிருக்கே. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதல.

அந்தப் பையன் மறுபடியும் எழுதினான். அவன் சார் அவனுக்கு வேற தலைப்பு குடுக்கலாமான்னு யோசிக்கறாராம். "எனக்கு இந்தக் கணக்கு வரலைன்னு நினைக்கறேன்"னு எழுதியிருக்கான்.

புத்தகத்துல நூத்தி அறுபது பக்கம் முடிச்சுட்டேன். பக்கத்தைத் திருப்பறப்ப எது சரி எது தப்புன்னு எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. அது ரொம்ப அலுப்பா இருக்கு பாட்டி. வேலை செஞ்சு வர்ற அலுப்பு மாதிரி இல்ல.

வாண்டு


மே 12

கண்ணுக்கு,

மாத்திரை ஒத்துக்கொள்கிறது. மின்விசிறி சரியாகிவிட்டது.

பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கை நடுங்குகிறது, எழுத்துக் கோணுகிறது. பிறகு எழுதுகிறேன்.

பாட்டி


ஜூன் 3

பாட்டி,

கை எப்படி இருக்கு? அம்மாகிட்ட கேட்டேன், உனக்குக் கை நடுக்கமெல்லாம் இல்லைன்னு சொன்னா. எதையோ எழுத வரலைன்னு புரிஞ்சுது. பரவாயில்ல, நானும் ரெண்டு மாசம் அப்படித்தான் இருந்தேன்.

உன் பதிலுக்காகக் காத்திருந்தேன்னு நினைக்காதே. காத்திருந்தேன்தான், ஆனா அது வந்திருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன்னு தோணுது.

போன செவ்வாய்க்கிழமை முதல்ல அந்தப் பையனுக்கு எழுதினேன். "தப்பு உன்னோடது இல்ல, என்னோடது. இந்த வரி, இந்தக் குறி. உன் கணக்கு சரி." ரெண்டே நிமிஷம் ஆச்சு எழுத. பத்து நிமிஷத்துல பதில் வந்தது. நன்றி, கோபம், எதுவும் இல்ல. "நிஜமாவா?"ன்னு ஒரே வார்த்தை. அதைப் பாத்துட்டு எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.

அப்புறம் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். சார் கையெழுத்துப் போட்டாரு. "கஷ்டப்படுவே"ன்னாரு. "தெரியும் சார்"னேன். "நான் உன் வயசுல இருந்தா இதை அனுப்பியிருப்பேனான்னு தெரியலம்மா"ன்னு சொல்லிட்டு ஜன்னல் இல்லாத சுவரைப் பாத்துகிட்டு நின்னாரு.

புத்தகம் அடுத்த வருஷம்தான். ஆகஸ்டு வேலை போச்சு, மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க. அம்மா அப்பாகிட்ட நேத்து சொல்லிட்டேன். அப்பா போனை அம்மாகிட்ட குடுத்துட்டாரு. அம்மா, "சாப்பிட்டியா?"ன்னா.

சந்தோஷமா இருக்கேனான்னு கேட்டா தெரியல. களைப்பா இருக்கேன். ரெண்டு நாளாத் தூங்கிகிட்டே இருக்கேன். எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லி வச்சிருக்கே, உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன், மன்னிச்சுக்க.

வாண்டு


ஜூன் 14

என் செல்லத்துக்கு,

நீ நன்றாகத் தூங்கி எழுந்திருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கையும் நடுங்கவில்லை. அது பொய்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். உனக்கு இனி அது தேவையில்லை. எனக்குத் தேவைப்படுகிறது.

கம்பெனியில் நான் சேர்ந்து பத்தாவது வருஷம். வெட்டின துணியைச் சரிபார்த்து இடது கை, வலது கை என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது அப்போது என் வேலை. சட்டையின் இரண்டு கையையும் மேஜைமேல் போட்டுப் பார்த்தால் ஒரே நீளம், ஒரே அகலம். தைத்து, ஆள் போட்டுக்கொண்டால்தான் தெரியும், தோளில் இழுக்கும். ஒரு நாள் அறுநூற்று நாற்பது சட்டைக்கு ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டேன். கைகளை மூட்டித் தைக்கிறவளை நெட்டை என்று கூப்பிடுவோம். ஸ்டிக்கரைப் பார்த்துத் தைப்பவள், அப்படியே தைத்துவிட்டாள். பெட்டி கட்டும்போது ஒரு சட்டையைப் பொம்மைக்குப் போட்டார்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லவில்லை. அந்த மாதம் என்னை சூப்பர்வைசர் ஆக்குவதாகப் பேச்சு. ஸ்டிக்கர் எல்லாம் உரித்துக் குப்பைக்குப் போயாகிவிட்டது. சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. மேனேஜர் நெட்டையைக் கூப்பிட்டுக் கத்தினார். அவள் எதிர்த்துப் பேசவே இல்லை. "நான்தான் மாத்தித் தைச்சிருப்பேங்க, ஏதோ ஞாபகத்துல" என்றாள். அவள் அப்படியே நம்பினாள். வேலையைவிட்டுப் போகிற அன்றைக்கு என்னிடம் வந்து, "அக்கா, எனக்குக் கண்ணு போயிடுச்சா, புத்தி போயிடுச்சா?" என்று கேட்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அது மட்டும்தான் கொடுத்தேன்.

அடுத்த மாதம் நான் சூப்பர்வைசர். அதற்கப்புறம் பதினேழு வருஷம் என் கண்ணைத் தாண்டி ஒரு தப்பும் போனதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொள்வேன். உன்னிடமும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்தில் அந்தப் பையன் "நான் எங்கே கோட்டை விட்டேன்" என்று கேட்டான் என்று படித்தபோது எனக்கு நெட்டையின் குரல்தான் கேட்டது. காது மந்தம் என்கிறேன், அது மட்டும் நன்றாகக் கேட்கிறது. இருந்தும் உனக்கு, சார் சொன்னபடி செய் என்று எழுதினேன். அதைத்தான் நீ மன்னிக்க வேண்டும். தலைகுனிய வைத்தது நீ இல்லை.

போன வாரம் பழைய கம்பெனி ஆட்கள் நாலு பேரைத் தேடிப் போனேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம், நின்றுகொண்டு. நெட்டையின் விலாசம் கிடைத்தது. மகளோடு இருக்கிறாளாம். அவளுக்கு எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். நீ எழுதின வார்த்தைகளையே எடுத்துக்கொண்டேன், எனக்கு வேறு வரவில்லை. தப்பு உன்னோடது இல்லை, என்னோடது. பதில் வராமலும் போகலாம். வந்து என்னைத் திட்டினாலும் சரி.

வக்கீலம்மா கேட்டாள், "பேத்திக்கு எப்போ பட்டம்?" "ஒரு வருஷம் தள்ளிப்போச்சு, கணக்குல தப்பு, அவளே கண்டுபிடிச்சு அவளே சொல்லிட்டா" என்றேன். அவள் எப்போதும் ஏதாவது சொல்வாள். இந்தத் தடவை ஹாலில் இருக்கிற படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

உன் போட்டோ என்னிடம் பதினொன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் கையில் ஒரு கோப்பையோ சர்டிபிகேட்டோ பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். நான்தான் அப்படி எடுக்கச் சொன்னேன். இப்போது எனக்குப் புதுசாக ஒன்று வேண்டும். தலை சீவ வேண்டாம், நல்ல துணி வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். தூங்கி எழுந்த முகத்தோடு, வெறுங்கையாக நின்று ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு.

பாட்டி